புதுப்பிப்பு: கார் இன்சூரன்ஸ் எடுத்தாயிற்று

கடலூரில் ஓடும் 1,197 சிசி காருக்கு ஒப்பீட்டுத் தளங்களில் ஏன் இவ்வளவு விலை வித்தியாசம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

முக்கியக் காரணம் ஐடிவி, அதாவது பாலிசியில் காருக்குப் போடும் மதிப்பு. ரொம்ப மலிவாகத் தெரிந்த இடத்தில் காரின் மதிப்பைக் குறைத்துப் போட்டிருந்தார்கள். கார் திருடுபோனால் கிடைக்கும் உச்சத் தொகையே அதுதான். எல்லாவற்றிலும் ஒரே ஐடிவியை வைத்துப் பார்த்ததும் இடைவெளி நன்றாகச் சுருங்கிவிட்டது. மூன்றாம் நபர் பிரீமியத்தில், அதாவது நம் காரால் மற்றவருக்கு ஆகும் பாதிப்புக்கான தொகையில், தேட ஒன்றுமில்லை. 1,000 சிசிக்கு மேல் 1,500 வரை 3,416 ரூபாய் என்று 2022-இல் அரசு நிர்ணயித்தது, எந்தக் கம்பெனியானாலும் அதேதான். போட்டியெல்லாம் நம் காருக்கு ஆகும் சேதத்துக்கான சொந்தச் சேதப் பகுதியில்.

தண்ணீர் புகுந்து இன்ஜின் கெட்டால் ஈடுகட்டும் இன்ஜின் பாதுகாப்பையும் சேர்த்தேன். 2015 வெள்ளத்தைப் பார்த்த ஊரில் அதை விட்டு மிச்சம் பிடிக்க மனசு வரவில்லை.

அப்புறம், நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் எதுவும் செய்யாததற்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி) பற்றிக் கேட்டவருக்கு: கம்பெனி மாறினாலும் அது கூடவே வரும். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பித்துவிடுங்கள், தாண்டினால் போச்சு.

விலை பார்க்கக் கொடுத்த நம்பருக்கு இன்னும் போன் வந்துகொண்டே இருக்கிறது. வேறு நம்பர் இருந்தால் அதைக் கொடுங்கள்.