புதுப்பிப்பு: ‘ஹியர் கம்ஸ் த பெயின்’ல ரிவர்ஸல் ஏன் மிஸ் ஆகுது?

2003-ல பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) கன்சோலுக்கு வந்த இந்த மல்யுத்த கேம் இன்னும் ஆட லாயக்கான்னு போன பதிவுல கேட்டிருந்தேன். வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி பசங்க பல பேர் சொன்னது ஒரே குறை: எல்ஈடி டிவியில ரிவர்ஸல், அதாவது எதிராளி அடியைத் தடுத்துத் திருப்புறது, விழவே மாட்டேங்குது.

அது கேமோட கோளாறு இல்லை. பிஎஸ்2 அனுப்புற சின்னப் படத்தைப் பெரிய திரைக்கு ஏத்த மாதிரி மாத்த டிவி கொஞ்சம் நேரம் எடுக்குது. நீங்க பட்டனை அமுக்கறதுக்குள்ள அடி விழுந்துடும். டிவி செட்டிங்ல கேம் மோட் போடுங்க, பாதிப் பிரச்சினை தீரும். பழைய டப்பா டிவி வீட்டுல இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க, இதுக்கு அதுதான் ராஜா. குத்தைத் திருப்ப எல்2 பட்டன், பிடியைத் திருப்ப ஆர்2 பட்டன். மாத்தி அமுக்கினா வேலைக்கு ஆகாது.

தண்டையார்பேட்டை தம்பிக்கு: எதிராளி டேப் அவுட் ஆகணும்னா (வலி தாங்காம தோல்வியை ஒத்துக்கணும்னா) முதல்ல காலையே குறிவெச்சு அடிங்க. திரையில காயத்தைக் காட்டுற உடம்புப் படத்துல கால் சிவப்பான பிறகு கால் பூட்டு போடுங்க. அதுக்கு முன்னாடியே போட்டா சுலபமா நழுவிடுவான்.

இந்த கேம்ல வர்ணனை இல்லைன்னு சிலருக்கு வருத்தம். எனக்கு அது குறையாவே தெரியலை. பின்னாடி இதே வரிசையில வந்த ‘ஸ்மாக்டவுன் வெர்சஸ் ரா 2006’ கேம்ல சேர்த்த ஸ்டாமினா மீட்டர் (வீரரோட தெம்பு எவ்வளவு மிச்சம்னு காட்டுற அளவுகோல்) தான் ஆட்டத்தோட வேகத்தையே கெடுத்துச்சு.