நானி ஷேர்லேருந்து ஒரு குடும்பம் விலகினா, நானியோட சம்பளம் என்ன ஆகும்?

கேள்வி: அமெரிக்கா வந்து எட்டு மாசம் ஆகுது. இன்னொரு தமிழ்க் குடும்பத்தோட சேர்ந்து ஒரு நானியை வெச்சிருக்கோம். ரெண்டு குழந்தைகளையும் எங்க வீட்லதான் பாத்துக்கறாங்க. ஊர்லேருந்து மாமியார் வர்றதால இந்த மாசத்தோட விலகிக்கறோம்னு அந்த வீட்ல நேத்து சொல்லிட்டாங்க. இனிமே ஒரு குழந்தைதானே, நாங்க இப்போ கொடுக்கற பங்கையே கொடுத்தா போதுமா? நானிகிட்ட எப்படிப் பேச்சை எடுக்கறது? எதையும் எழுதி வெச்சுக்கல.

பதில்: போதாதுங்க. மூணு வருஷம் முன்னாடி நானும் இதே கணக்கைப் போட்டவதான், அதனால கோவிச்சுக்காம கேளுங்க.

அந்த நானி ஒரே வீட்டுக்கு வேலை செஞ்சா மணிக்கு 100 வாங்குவாங்கன்னு வெச்சுக்குவோம். டாலர்னு எடுத்துக்காதீங்க, கணக்குக்கு ஒரு எண். ஷேர்னு வந்தா பெரும்பாலும் ஒவ்வொரு வீடும் அதுல மூணுல ரெண்டு பங்கு, அதாவது 66 கிட்ட கொடுக்கும். நானிக்கு 132 வரும். ரெண்டு குழந்தையைப் பாக்கறதால அவங்களுக்குக் கூட, செலவைப் பிரிச்சுக்கறதால நமக்குக் குறைவு. இப்போ நீங்க 66-லயே நின்னா, ஒரு முழு வேலையை மூணுல ரெண்டு கூலிக்குப் பாருங்கன்னு சொல்ற மாதிரி ஆயிடும். சரின்னு தலையாட்டுவாங்க, ராத்திரியே வேற வேலை தேட ஆரம்பிச்சிடுவாங்க. அதுக்காக 132-ஐயும் நீங்களே சுமக்கணும்னு இல்ல. ஒரு குழந்தை குறையுதே. நியாயமான இடம் 100. உங்க ஏரியாவுல ஒரு குழந்தைக்கு நானிங்க என்ன வாங்கறாங்கன்னு விசாரிச்சு அந்தத் தொகைக்கு வாங்க.

அந்த 100-லயும் யாருக்கு எவ்வளவு அடின்னு பாருங்க. உங்க செலவு ஒண்ணரை மடங்கு. நானிக்கு வருமானத்துல கிட்டத்தட்ட கால் பங்கு போச்சு. விலகிப் போறவங்களுக்கு மட்டும் ஒரு நஷ்டமும் இல்ல. அதனாலதான் நோட்டீஸ் காலத்துச் சம்பளம் அவங்க தலையில விழணும்னு சொல்றேன். குழந்தையை அனுப்பினாலும் அனுப்பாட்டாலும், சொன்ன நாள்லேருந்து நாலு வாரத்துக்கு அவங்க 66 வந்துட்டே இருக்கணும். நானி சேர்த்து வெச்ச சம்பளத்தோட கூடிய லீவு பாக்கி இருந்தா அதுலயும் பாதி அவங்களோடது. இதைக் கடைசி நாள்லயே தீர்த்துடுங்க. நாங்க விட்டுட்டோம். ரெண்டு மாசம் கழிச்சு நானி ஒரு வாரம் லீவு கேட்டப்போ முழுச் சம்பளமும் எங்க கையிலேருந்துதான் போச்சு.

எழுதி வெச்சுக்காததால இதைக் கட்டாயப்படுத்த வழியில்ல, கேக்கத்தான் முடியும். ஆனா கேளுங்க. நம்மாளுங்ககிட்ட காசு பேசக் கூச்சப்பட்டா, அந்தக் கூச்சத்துக்கு நானிதான் விலை கொடுக்கறாங்க. அந்தக் குடும்பம் மாட்டேன்னுட்டா, என் யோசனை: ரெண்டு வாரம் நீங்களே 132 கொடுங்க, அப்புறம் 100. பணம் போகும்தான், ஆனா புது ஆளைத் தேடறப்போ ஆபீஸுக்கு லீவு போடற செலவை அதோட வெச்சுப் பாருங்க.

முதல்ல அந்தக் குடும்பத்துகிட்ட பேசி முடிங்க, மறுநாளே நானிகிட்ட சொல்லிடுங்க. அவங்களுக்கே வேற யார் மூலமாவோ தெரிஞ்சா கதை கெட்டுடும். தேதியும் தொகையும் கையில இருக்கட்டும்: “இந்தத் தேதி வரைக்கும் இப்போ வாங்கறதுதான். அன்னிலேருந்து மணிக்கு இவ்வளவு. இன்னொரு குடும்பம் தேடறோம், கிடைச்சா பழையபடி. நடுவுல உங்களுக்கு நல்ல வேலை கிடைச்சா தாராளமா போங்க, ரெண்டு வாரம் முன்னாடி சொன்னா போதும்.” அந்தக் கடைசி வரியைச் சொன்னதாலதான் எங்க நானி எங்ககூட இன்னும் ஒரு வருஷம் இருந்தாங்கன்னு நான் நம்பறேன். சொன்னதை அன்னிக்கே ஒரு மெசேஜா அனுப்பிடுங்க. ஏற்கெனவே வேலை பார்த்த மணிநேரத்துக்குப் பின்தேதி போட்டுக் குறைக்கக் கூடாது, அது சட்ட விரோதம்.

இனி வரி. விலகறப்போ தலைவலி இங்கதான். நானி காண்ட்ராக்டர் இல்ல, வீட்டுப் பணியாளர். வருஷத்துல ஒரு வீடு கொடுக்கற சம்பளம் ஒரு வரம்பைத் தொட்டா (2025-ல அது 2,800 டாலரா இருந்துச்சு) அந்த வீடு சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியத்துக்கு), மெடிகேர் (முதியோர் மருத்துவத்துக்கு) வரி கட்டணும். முதலாளி பங்கு 7.65 சதவீதம், நானியோட பங்கும் அதே அளவு. ரெண்டு வீடுன்னா ரெண்டு முதலாளி. தனித்தனி ஈஐஎன் (முதலாளிக்கான வரி எண்), தனித்தனி டபிள்யூ-2 (நானிக்குக் கொடுக்கற வருஷச் சம்பளக் கணக்கு), தனித்தனி ஷெட்யூல் எச் (வீட்டுப் பணியாளர் வரிக்கான படிவம்). நடுவுல விலகினவங்களும் அடுத்த ஜனவரிக் கடைசிக்குள்ள அவங்க பங்குக்கு டபிள்யூ-2 கொடுத்தாகணும். போறதுக்கு முன்னாடி ஞாபகப்படுத்திடுங்க.

“அவங்க பங்கை எங்களுக்கு அனுப்பிடுவாங்க, நாங்க மொத்தமா நானிக்குக் கொடுத்துடுவோம்” ரகம்னா, காகிதத்துல 132-க்கும் நீங்க ஒருத்தர்தான் முதலாளி. இப்போ 100 ஆக்கினா நீங்க சம்பளத்தை வெட்டின மாதிரிதான் ரெக்கார்ட்ல நிக்கும். அப்படி நடந்துட்டு இருந்தா வரி பாக்கற ஒருத்தர்கிட்ட உடனே காட்டுங்க. அப்புறம், வெளியிலேருந்து வந்து போற நானிக்கு வாரத்துல 40 மணிநேரத்துக்கு மேல ஒண்ணரை மடங்கு ஓவர்டைம் உண்டு. புதுச் சம்பளம் பேசறப்போ மாசத்துக்கு இவ்வளவுன்னு மொத்தமாப் பேசாம மணிக்கணக்காவே பேசுங்க.

கேள்வி கேட்டவர்: ரொம்ப நன்றி அக்கா. இன்னொரு சிக்கல். மாமியார் ஆறு மாசத்துல திரும்பிடுவாங்களாம், அப்புறம் மறுபடி சேர்ந்துக்கறோம், யாரையும் சேர்க்காதீங்கன்னு சொல்றாங்க.

பதில்: ஆறு மாசம் விசிட்டர் விசாவுக்குப் பொருந்தற கணக்குதான், பொய்யில்ல. ஆனா இடத்தைப் பிடிச்சு வைக்கணும்னா அதுக்கு ஒரு வாடகை உண்டுங்க. 66 முழுசா வேணாம், 32 கொடுக்கட்டும். உங்க 100-ஓட சேர்ந்து நானிக்குப் பழைய 132 அப்படியே வந்துடும், அவங்க காத்திருக்கவும் ஒரு காரணம் இருக்கும். அதுக்கு மனசில்லன்னா, யார் முதல்ல வர்றாங்களோ அவங்களுக்கு இடம்னு சிரிச்சுட்டே சொல்லிடுங்க.

இன்னொருவர்: ஒண்ணு சேர்த்துக்கறேன். நாங்க விலகின பக்கம். எச்-1பி வேலை விசாவுல இருந்த என் கணவருக்கு வேலை போச்சு, வேற வேலை தேடவோ ஊருக்குக் கிளம்பவோ 60 நாள்தான் கையில. அந்தச் சமயத்துல நாலு வாரம் நோட்டீஸ் சம்பளம்னு யாராவது கேட்டிருந்தா அழுதிருப்பேன். ஆனா ஷேர் தொடங்கறப்போவே ரெண்டு வீடும் நாலு வாரத்துப் பங்கை டெபாசிட்டா தனியா எடுத்து வெச்சிருந்தோம். அதுலேருந்து நானிக்குப் போயிடுச்சு, யாரும் யாரையும் கேக்க வேண்டி வரல. அடுத்த குடும்பத்தோட சேர்றப்போ இதைச் செய்யுங்க.

பதில்: இது எனக்குத் தோணவே இல்ல. டெபாசிட்டை யார் பேர்ல வெச்சீங்க?

இன்னொருவர்: அவங்கவங்க அக்கவுண்ட்லயேதான். தொடறதில்லன்னு மெயில்ல எழுதிக்கிட்டோம்.

கேள்வி கேட்டவர்: நேத்து அவங்ககிட்ட பேசிட்டேன். நாலு வாரம்னு கேட்டேன், மூணு வாரத்துக்கு ஒத்துக்கிட்டாங்க. இடம் பிடிச்சு வைக்கற பேச்சை அவங்களே விட்டுட்டாங்க. நானிகிட்ட இன்னிக்குக் காலையில சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், அவங்க முன்னாடி வேலை பார்த்த வீட்ல இப்போ ரெண்டாவது குழந்தை பொறந்திருக்காம், கேட்டுப் பாக்கட்டுமான்னாங்க.