10 கி.மீ. உயரத்தில் பாராசூட் வெளிவருமா?

கேள்வி: மாணவர் குழு ராக்கெட், விட்டம் 15 செ.மீ., இலக்கு 10 கி.மீ. தரைச் சோதனையில், பாராசூட்டை வெளியேற்றும் கருமருந்து (துப்பாக்கி மருந்து) சார்ஜ் மூக்குக்கூம்பைச் சுத்தமாகத் தள்ளிவிடுகிறது. மேலேயும் அதே அளவு போதுமா?

பதில் 1: அளவு மட்டும் பிரச்சினையில்லை. 6 கி.மீ. தாண்டினால் காற்று மெலிந்து, துகளுக்குத் துகள் தீ சரியாகப் பரவாது. பாதி மருந்து எரியாமலே சிதறும். காற்றுப் புகாத உறையில் இறுக்கி அடையுங்கள், அல்லது கார்பன் டைஆக்சைடு சிலிண்டர் முறைக்கு மாறுங்கள்.

பதில் 2: பாராசூட் அறையில் 3 மி.மீ. துளை இருக்கிறதா? இல்லையென்றால் உள்ளே அடைபட்ட காற்றே மேலேறும்போது ஷியர் பின்னை (மூக்குக்கூம்பைப் பிடித்திருந்து, சார்ஜ் வெடிக்கையில் முறியும் சிறு ஊசி) உடைத்துவிடும். ஷியர் பின் நைலானில்தான் இருக்க வேண்டும்.

பதில் 3: ஒலிவேகத்தைக் கடக்கையில் அழுத்தம் குதிக்கும், உச்சம் வந்துவிட்டதென்று ஆல்டிமீட்டர் (காற்றழுத்தத்தால் உயரம் அளந்து சார்ஜை இயக்கும் கருவி) ஏமாறும். அந்த வேகத்தில் சார்ஜை இயக்கவிடாமல் தடுக்கும் மாக் லாக்அவுட் அவசியம். ஆல்டிமீட்டர் இரண்டு, பேட்டரியும் சார்ஜும் தனித்தனி.

பதில் 1: ஆமாம், இரண்டாவது சார்ஜ் ஓரிரு வினாடி தாமதமாக, சற்றுக் கூடுதல் மருந்தோடு.