டிடிஆர்5: 6000 சிஎல்30 எடுக்கவா, 7200 சிஎல்34 எடுக்கவா?

கோட்டாறு_எடிட்டர்
ரைசன் 7600 பிராசஸர், பி650 மதர்போர்டு. கல்யாண வீடியோ எடிட்டிங்தான் முக்கிய வேலை, ராத்திரி கொஞ்சம் கேம். இப்ப கிடக்கிறது டிடிஆர்5 ராம், 16 ஜிபி ஸ்டிக் ரெண்டு, 5200 சிஎல்40. மாத்தணும்னு பாத்ததுல ரெண்டு கிட் தேறுது: 6000 சிஎல்30, 7200 சிஎல்34. நம்பர் பெரிசா இருக்கிறதை எடுத்தா போதுமா? நாகர்கோவில்ல மொட்டை மாடி ரூம், ஏசி கிடையாது. வாங்கினதும் எப்படி சோதிக்கணும்?

தக்கலை_டைமிங்
அண்ணாச்சி, சிஎல்ங்கிறது கேட்ட டேட்டாவை ராம் குடுக்க எடுக்கிற கிளாக் எண்ணிக்கை, 6000, 7200 எல்லாம் வேகம். சிஎல்லை 2000-ஆல பெருக்கி வேகத்தால வகுங்க, காத்திருக்கிற நேரம் நானோசெகண்டுல கிடைக்கும். உங்க பழசு 15.4. 6000 கிட் 10, 7200 கிட் 9.4. இதை மட்டும் பாத்தா 7200 ஜெயிச்ச மாதிரி இருக்கும். உங்க போர்டுல ஜெயிக்காது.

6000-ல மெமரி கிளாக் அதுல பாதி, 3000; பிராசஸருக்குள்ள ராமை நடத்துற கன்ட்ரோலரும் அதே 3000. 6400 வரைக்கும் சில பிராசஸர் இப்படி ஒண்ணுக்கு ஒண்ணா தாங்கும். 7200 போட்டா கன்ட்ரோலர் பாதியாகி 1800-க்கு இறங்கிரும். சிஎல்ல மிச்சம் பிடிச்ச 0.6 நானோசெகண்டும் அதுக்கு மேலயும் அங்கேயே போயிரும்.

இன்னொண்ணு. ரெண்டு சேனல் 6000-க்கு கணக்குப்படி செகண்டுக்கு 96 ஜிபி. ஆனா 7600-ல கோர் இருக்கிற சிப்லெட் (குட்டி சிப்) ஒண்ணே ஒண்ணு, எஃப்கிளாக் (பிராசஸருக்குள்ள சிப்புகளை இணைக்கிற பாதையோட கிளாக்) 2000-ல அது படிக்கிறது 64 ஜிபிக்கு மேல போகாது. 6000-மே அந்த வாசலை அடைச்சிரும், 7200-க்கு கூடுதல் காசு எதுக்கு? 6000 சிஎல்30 எடுங்க.

குளச்சல்_ஹார்ட்வேர்
ஸ்டிக்கை பிராசஸர் பக்கத்துல இருந்து ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்ல போடுங்க. பழைய ஸ்டிக்கையும் சேத்து நாலையும் நிரப்பாதீங்க. நாலு ஸ்டிக்குக்கு ஏஎம்டி உறுதி சொல்றது வெறும் 3600. பயோஸை புதுசாக்கிட்டு அதுல எக்ஸ்போவை (கிட்ல எழுதியிருக்கிற வேகத்தை தானா வைக்கிற செட்டிங்) ஆன் பண்ணுங்க. முதல் தடவை ஸ்கிரீன் சில நிமிஷம் கறுப்பாவே கிடக்கும். அது மெமரி ட்ரெய்னிங், போர்டு ராமுக்குப் பொருந்துற செட்டிங்கை தேடுற நேரம், பதறி பட்டனை அமுக்கக் கூடாது. மழை நேரத்துல கரண்ட் போய்ப் போய் வரும், அதனால யுபிஎஸ் இல்லாம இதுல இறங்காதீங்க. எஸ்ஓசி வோல்டேஜ் (பிராசஸர்ல மெமரி கன்ட்ரோலர் இருக்கிற பகுதிக்குப் போறது) 1.3 வோல்ட்டை தாண்டவே கூடாது. 2023-ல எக்ஸ்3டி பிராசஸர்கள் கருகின பிறகு ஏஎம்டி வச்ச எல்லை அது.

சோதனைக்கு, பென்டிரைவ்ல இருந்து மெம்டெஸ்ட்86-ங்கிற ராம் சோதனை, நாலு பாஸ் (நாலு முழுச் சுத்து). அதோட நிறுத்தினா பாதி சோதனைதான், ஏன்னா அப்ப கிராபிக்ஸ் கார்டு சும்மா கிடக்கு. ரெண்டர் ஓடும்போது கார்டு விடுற சூடு நேரா ராம் மேலதான் ஏறும். விண்டோஸ்ல டிஎம்5-ங்கிற ராம் சோதனை ரெண்டு மணி நேரம், அப்புறம் ஒய்-க்ரஞ்சர்ங்கிற கணக்குப் போடுற சோதனை, கடைசியா கார்டுக்கும் லோடு குடுத்து ஒரு தடவை. ஒரே ஒரு எரர் வந்தாலும் ஃபெயில்தான்.

கடலோரத்துல இருக்கவங்களுக்கு ஒரு வார்த்தை: உப்புக்காத்துல ஸ்டிக்கோட முனை மங்கினா அழிரப்பர் போட்டுத் தேய்க்காதீங்க, தங்க முலாம் தேஞ்சிரும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு துடைச்சா போதும்.

கோட்டாறு_எடிட்டர்
6000 சிஎல்30 போட்டாச்சு, எல்லா சோதனையும் பாஸ். பயோஸ்ல டிரெஃபிங்கிற ராம் டைமிங்கை 65535 ஆக்கினா வேகம் கூடும்ங்கிறாங்களே, ஆக்கலாமா? பூட் ஆகவும் ரொம்ப நேரம் எடுக்குது.

தக்கலை_டைமிங்
ராம் செல் ஓட்டைக் குடம் மாதிரி, சார்ஜ் ஒழுகிட்டே இருக்கும். எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை திரும்ப நிரப்பணும்ங்கிறதுதான் டிரெஃபி. 6000-ல இயல்பா 11700, அதாவது 3.9 மைக்ரோசெகண்டு. 65535 வச்சா 21.8. சூடு ஏற ஏற ஒழுக்கும் கூடும். ராத்திரி பாஸான செட்டிங் சித்திரை வெயில்ல மத்தியானம் ரெண்டு மணிக்கு எரர் காட்டுறது இதனாலதான். ஏசி இல்லாத ரூமுக்கு 30000-லயே நிறுத்துங்க, ராம் மேல காத்து படுற மாதிரி ஒரு 120 மிமீ ஃபேன் வைங்க, மத்தியானமே சோதிங்க. சூட்டைக் காட்டுற ஹெச்டபிள்யூஇன்ஃபோ சாஃப்ட்வேர்ல ஸ்டிக் சூடு 55 டிகிரியை தாண்டினா டிரெஃபியை இன்னும் இறக்குங்க. ராம் சிப் ஹைனிக்ஸ் கம்பெனியோடதா இருந்தா டிஆர்எஃப்சியை (ஒரு தடவை நிரப்ப ஆகுற கிளாக் எண்ணிக்கை) 885-ல இருந்து 500-க்கு கொண்டு வரலாம். ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும், ஒவ்வொண்ணையும் எழுதி வச்சுக்கிடுங்க.

பயோஸ்ல மெமரி கான்டெக்ஸ்ட் ரிஸ்டோர் ஆன் பண்ணா முன்ன பண்ண ட்ரெய்னிங்கையே திரும்ப எடுத்துக்கிடும், பூட் சீக்கிரம் ஆகும். கூடவே பவர் டவுன்ங்கிற ராம் செட்டிங்கும் ஆன்ல இருக்கணும், இல்லாட்டி நீலத்திரை (விண்டோஸ் கிராஷ்) விழலாம். டைமிங்கை எல்லாம் முடிச்சிட்டு கடைசியா பண்ணுங்க.

குளச்சல்_ஹார்ட்வேர்
டைமிங் மாத்திப் பாக்கிற நாள்ல கல்யாண ஃபுட்டேஜ் இருக்கிற ஹார்ட்டிஸ்க்கோட கேபிளை கழட்டிருங்க. பிழை உள்ள ராம் வழியா காப்பி ஆகிற ஃபைல் எந்த எரரும் காட்டாம கெட்டுப் போகும், பிளே பண்ணும்போதுதான் தெரியும்.