ஸ்க்ரோல் சா வைத்திருப்பவர்களே, மண்டையைக் குடையும் ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

மரத்தூள்:

ஸ்க்ரோல் சா என்றால் மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி மரத்தை வளைத்து வளைத்து அறுக்கும் மேசை ரம்பம், அதற்குமேல் விளக்கப்போவதில்லை. இங்கே வருகிறவர்களிடம் ஒன்று இருக்கும், இல்லாவிட்டால் வாங்குவதற்கு வீட்டில் கெஞ்சிக்கொண்டிருப்பீர்கள். பிளேடு உடைந்த கதை வேண்டாம், அது தினமும் நடப்பது. இந்த வேலையில் யாரையாவது சந்தித்து, அது இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தால் அதை எழுதுங்கள். முதலில் என்னுடையது.

பெயர்ப்பலகை ஆர்டர், 'அன்னை இல்லம்'. 12 மி.மீ. தேக்கு, எழுத்துகளைத் தனித்தனியாக அறுத்துச் சுவரில் ஒட்ட வேண்டும். தமிழ் எழுத்து அறுத்தவர்களுக்குத் தெரியும், நமக்கு எதிரி சுழி இல்லை, புள்ளி. சுழிக்குள் ஒரு துளை போட்டு, பிளேடைக் கழற்றி நுழைத்து மாட்டி, எப்படியும் அறுத்துவிடலாம். மெய்யெழுத்தின் புள்ளி எதோடும் ஒட்டாமல் அந்தரத்தில் நிற்கும். எழுத்திலிருந்து மெல்லியதாக ஒரு காம்பு விட்டு அறுக்கிறேன் என்றேன். வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "எழுத்து சுத்தமா இருக்கணும் சார். காம்பு வச்சா கத்திரிக்காய் மாதிரி இருக்கும்." சரி, வீடு அவருடையது. மூன்று புள்ளியையும் தனியாக அறுத்து ஒட்டிக் கொடுத்தேன்.

கிரகப்பிரவேசத்தன்று விடியற்காலை, தோரணம் கட்ட யாரோ ஏணியைச் சாத்தியதில் 'ன்' மேலிருந்த புள்ளி விழுந்துவிட்டது. கீழே வாசலை அடைத்துப் புள்ளிக் கோலம், சுற்றிலும் காவி. தேக்கு நிறப் புள்ளி அந்தக் காவியில் எங்கே என்று கண்டுபிடிப்பது? உள்ளே ஐயர் மந்திரம் சொல்கிறார், வெளியே பாதிச் சொந்தக்காரர்கள் குனிந்து கோலத்தைத் தடவுகிறார்கள். கடைசியில் அந்த அன்னையே, வீட்டுக்காரரின் அம்மா, எடுத்தார். புடவைத் தலைப்பால் கோலமாவைத் துடைத்து என் உள்ளங்கையில் வைத்து, "தம்பி, இது கோலத்துதா, பலகையுதா?" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. கிண்டல் செய்தாரா, நிஜமாகவே கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பீளமேடு பிளேடு:

வீட்டுக்காரர் சொன்னதுதான் சரி. காம்பு விட்ட புள்ளியைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். பிரச்சினை காம்பில் இல்லை, ஒட்டியதில்தான். எமல்ஷன் அடித்த சுவரில் எந்தப் பசை போட்டாலும் அது பெயின்டைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது. ஒருநாள் பெயின்ட் தோலோடு கழன்று வரும். புள்ளியின் பின்பக்கம் 2 மி.மீ. துளை போடுங்கள், பாதி ஆழம் போதும். அதில் பித்தளைக் கம்பித் துண்டை அரால்டைட் பசை வைத்து நிறுத்துங்கள். சுவரிலும் அதே அளவு துளை, தூசியை ஊதிவிட்டு அங்கேயும் அரால்டைட். இரும்புக் கம்பி வேண்டாம், மழையில் துருப்பிடித்துச் சுவரில் கோடு இறங்கும். சாதாரண வெள்ளை ஃபெவிகாலும் வெளிவாசலுக்கு ஆகாது. அப்புறம், புள்ளியை ஏன் ஸ்க்ரோல் சாவில் அறுக்கிறீர்கள்? அவ்வளவு சின்ன வட்டம் அதில் வட்டமாகவே வராது. உருளைக் குச்சி வாங்கித் துண்டு போடுங்கள், எல்லாம் ஒரே அளவில் இருக்கும்.

என் கதை சின்னது. பக்கத்து வீட்டில் ஒரு வீணை டீச்சர் இருக்கிறார். பிளேடு மாட்டியதும் டென்ஷன் சரியா என்று விரலால் சுண்டிப் பார்ப்பேன், எல்லோரும் செய்வதுதான். தொளதொளவென்று இருந்தால் மொட்டைச் சத்தம், ஏறிவிட்டால் 'டிங்' என்று வரும். ஒருநாள் சுண்டினேன். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, "இன்னும் கொஞ்சம் ஏத்துங்க" என்று குரல். திருகை ஒரு கால் சுற்று திருகிச் சுண்டினேன். "இன்னும்." மறுபடி திருகினேன். "ம், நிறுத்துங்க." அன்று பலாப்பலகையில் போட்ட வளைவு மாதிரி நான் அதற்கு முன்னால் போட்டதில்லை. மிஷினை வந்து பாருங்கள் டீச்சர் என்று கூப்பிட்டேன். "சத்தம் கேக்குதே, அது போதும்" என்று சொல்லிவிட்டார். அவர் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார், நான் எதைச் சுருதி சேர்க்கிறேன் என்று?

மரத்தூள்:

கம்பி யோசனைக்கு நன்றி. உருளைக் குச்சியை மட்டும் ஏற்கமாட்டேன். அதில் மரத்தைக் குறுக்கே வெட்டிய முகம் மேலே வரும். வார்னிஷை அப்படியே உறிஞ்சிக் கறுத்துவிடும். எழுத்து ஒரு நிறம், புள்ளி ஒரு நிறம் என்று நிற்கும்.

பீளமேடு பிளேடு:

முதலில் சீலர் (மரத்தின் நுண்துளையை அடைக்கிற பூச்சு) ஒரு கை அடித்தால் கறுக்காது. முயன்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ரொறன்ரோ பேஸ்மென்ட்:

வணக்கம். என்னுடையது கனடாவில் வாங்கிய மெசின், 120 வோல்ட். பனிக்காலம் முழுக்கப் பேஸ்மென்டில் அதுதான் எனக்குத் துணை. இங்கே வேறொன்று வாங்கியதும் பழையதை யாழ்ப்பாணத்துக்கு மச்சானிடம் அனுப்பினேன். ஊரில் 230 வோல்ட், ட்ரான்ஸ்போமர் இல்லாமல் செருக வேண்டாம் என்று பெட்டிக்கு மேலேயே எழுதி ஒட்டியிருந்தேன். பெட்டியைப் பிரித்தது மருமகன், எழுதியதைப் பெட்டியோடு சேர்த்துக் குப்பையில் போட்டவனும் அவன்தான்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது மோட்டாருக்குக் கம்பிச்சுருள் சுற்றுகிற ஒரு ஐயாவிடம் கொண்டுபோனோம். அவர் மூடியைக் கழற்றவில்லை. மெசினைத் தூக்கி மோட்டார்ப் பக்கம் மூக்கை வைத்து மணந்து பார்த்தார். பிறகு மச்சானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எந்த நாட்டிலையிருந்து வந்தது?" என்றார். கனடா என்றேன். "அமெரிக்காச் சாமானும் இந்த மணம்தான்" என்று சொல்லி, மேசைக்குக் கீழே காலால் தள்ளிக் காட்டினார். ஒரு மிக்ஸி, ஒரு தையல் மெசின், இரண்டு டிரில். எல்லாம் யாரோ அன்பாக அனுப்பியவை. அந்தக் குவியல்தான் எனக்கு மறக்கமுடியாமல் இருக்கிறது.

சுற்றித் தந்தார், ட்ரான்ஸ்போமரும் வாங்கிவிட்டோம். இப்போது நல்லாத்தான் ஓடுது, ஆனால் முன்னைய வேகம் இல்லை என்று மச்சான் சொல்கிறார். சுற்றியதில் ஏதோ பிழை போல.

சுருள் கம்பி:

அண்ணே, அந்த ஐயாமேல் பழி போடாதீர்கள். ட்ரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மட்டும்தான் இறக்கும். கனடாவில் மின்சாரத்தின் அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ், இலங்கையிலும் இந்தியாவிலும் 50. அதை எந்த ட்ரான்ஸ்ஃபார்மரும் மாற்றாது. உங்களுடையது ஒரே வேகத்தில் ஓடும் இன்டக்‌ஷன் மோட்டாராக இருந்தால் வேகம் ஆறில் ஐந்து பங்காகக் குறைந்தே தீரும். அங்கே நிமிடத்துக்கு 1725 சுற்று என்று தகட்டில் போட்டிருப்பது இங்கே 1440 பக்கம் வரும். பிளேடு மாட்டிய கையை மோட்டாரே நேரடியாக ஆட்டுகிற மிஷினில் ஒரு சுற்றுக்கு பிளேடு ஒருமுறை ஏறி இறங்கும், அதனால் அறுக்கிற வேகமும் அதே கணக்கில் குறையும். அது பெரிய நஷ்டமில்லை, மெல்லிய மரத்துக்கு அந்த வேகம் நல்லதுதான். கவனிக்க வேண்டியது சூடு. 60-க்குச் செய்த மோட்டார் 50-இல் அதிகக் கரன்ட் இழுத்துச் சூடாகும். கால் மணி நேரம் ஓட்டினால் நிறுத்தித் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியவில்லை என்றால் ட்ரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜை இன்னும் இறக்க வேண்டும், 100 பக்கத்தில் வைத்தால் ஹெர்ட்ஸுக்கும் வோல்டுக்கும் உள்ள விகிதம் பழையபடி வந்துவிடும். கார்பன் பிரஷ் உள்ள மோட்டார் என்றால் இந்தக் கவலை கிடையாது, அதற்கு ஹெர்ட்ஸ் ஒரு பொருட்டே இல்லை. திருகு கழற்றிப் பிரஷ் இருக்கிறதா என்று மச்சானைப் பார்க்கச் சொல்லுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு.

சந்திப்பு என்று எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. பழுது பார்க்க ஒருவர் கொண்டுவந்த ஸ்க்ரோல் சாவை ஓட்டிப் பார்க்கப் போய், கடையை அடைக்க மறந்துவிட்டேன். அடுத்த மாதம் நானும் ஒன்று வாங்கினேன்.

மாயவரத்து மரப்பாச்சி:

குழந்தைகளுக்கான மரப் பொம்மைகள், வரைபடப் புதிர்கள் செய்கிறேன். இந்தத் தொழிலே வரைபடத்தில்தான் தொடங்கியது. 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் வரைபடத்தைப் பலகையில் ஒட்டி நாட்டு எல்லைகளின் வழியே அறுத்துப் பூகோளம் சொல்லித்தர விற்றார். நான் தமிழ்நாட்டை அறுத்தேன், அவ்வளவுதான்.

2019 கடைசியில் ஐந்து புது மாவட்டங்கள் வந்து 37 ஆனதும், எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் புது வரைபடம் கேட்டார்கள். 6 மி.மீ. பிர்ச் பிளைவுட், 3ஆம் நம்பர் பிளேடு. சென்னைத் துண்டை அறுப்பது எப்போதும் பயம், விரல் பிளேடுக்குப் பக்கத்தில் போய்விடும். பென்சிலின் ரப்பர் முனையால்தான் தள்ளுவேன். மாவட்டம் 37 என்றாலும் துண்டு 38 வந்தது. நாகப்பட்டினம் மாவட்டம் அப்போது ஒட்டாத இரண்டு பகுதிகளாக இருந்தது, நடுவில் காரைக்காலும் திருவாரூரும். இரண்டு துண்டிலும் 'நாகப்பட்டினம்' என்றே சூட்டுக்கோலால் எழுதினேன்.

கொடுத்த கொஞ்ச நாளில் கொரோனா, பள்ளிக்கூடம் பூட்டு. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமாகி 38 ஆனது. 2021 நவம்பரில் சின்ன வகுப்புகள் திறந்ததும் டீச்சர் கூப்பிட்டார், வரைபடம் பழசாகிவிட்டது என்று. போய்ப் பார்த்தால் புதிதாக எதையும் அறுக்கத் தேவையே இல்லை. வடக்குத் துண்டு அப்படியே மயிலாடுதுறை. உப்புத்தாளால் பழைய பெயரைத் தேய்த்துவிட்டுப் புதுப் பெயர் எழுதினால் முடிந்தது. வகுப்பிலேயே உட்கார்ந்து தேய்த்தேன்.

பையன்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். அதில் ஒருவன் வரைபடத்தில் விரலை வைத்தான், கடலோரம் இரண்டு துண்டுகளுக்கும் நடுவில். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது என்பதால் நான் அதற்குத் துண்டு போடவில்லை, வெறும் பள்ளம். "இந்த ஓட்டையிலதான் எங்க அத்தை வீடு இருக்கு" என்றான். மற்றவர்கள் சிரிக்கவில்லை. இன்னொருத்தி, "எங்க அப்பா தினம் அங்கதான் வேலைக்குப் போறாங்க" என்றாள். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. தமிழ்நாட்டு வரைபடம் என்று கேட்டார்கள், தமிழ்நாட்டைத்தான் கொடுத்தேன். இப்போதெல்லாம் காரைக்காலைப் பலாவில் மஞ்சளாக அறுத்து வைத்துவிடுகிறேன், யாரும் கேட்காவிட்டாலும்.

முகக்கவசம்:

மரப்பாச்சி அக்கா, நல்ல கதை. ஆனால் பள்ளிக்குக் கொடுக்கும்போது சில விஷயங்கள் பார்க்க வேண்டும். எம்.டி.எஃப். (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) வேண்டவே வேண்டாம். அதன் பசையில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது, அறுக்கும்போது வரும் தூள் மாவு மாதிரி நுரையீரல்வரை போகும். என்95 முகக்கவசம் இல்லாமல் அறுக்கக் கூடாது, கைக்குட்டை கட்டினால் போதாது. ஸ்க்ரோல் சாவில் கோட்டைத் தெளிவாகக் காட்ட ஒரு ஊதுகுழல் இருக்கும். அது தூளை எங்கே ஊதுகிறது? நேராக உங்கள் முகத்துக்கு. மேசைக்கு அடியில் வேக்குவம் குழாய் கட்டுங்கள். அடுத்தது துண்டின் அளவு. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் பொம்மையைச் சோதிக்க 31.7 மி.மீ. விட்டமுள்ள ஒரு குழாய் வைத்திருப்பார்கள். அதற்குள் முழுசாக அடங்குகிற துண்டு தொண்டையில் சிக்கும் என்று கணக்கு. உங்கள் சென்னை அதற்குள் அடங்கிவிடும் என்று நினைக்கிறேன். பாலிஷுக்கு அரக்கு நல்லது. கடையில் விற்கும் 'பாயில்டு' ஆளிவிதை எண்ணெயில் சீக்கிரம் காய உலோக உப்புகள் சேர்ப்பார்கள், அதைக் குழந்தைப் பொம்மைக்கு அடிக்காதீர்கள். எண்ணெய் துடைத்த துணியையும் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள்.

மாயவரத்து மரப்பாச்சி:

தம்பி, பிர்ச் பிளைவுட் என்று எழுதியிருக்கிறேன். நான்காம் வகுப்புப் பிள்ளைகள். அவர்கள் சென்னையை விழுங்கமாட்டார்கள்.

முகக்கவசம்:

பிளைவுட்டிலும் பசை இருக்கிறது அக்கா.

கீழவாசல்:

மதுரைக்காரன். என் மிஷினுக்கு, முனைகளில் மாட்டும் 'பின்' (குறுக்கு ஊசி) இல்லாத 5 அங்குல பிளேடு வேண்டும். ஹார்டுவேர் கடைகளில் கேட்டால் ஜிக்சா பிளேடைத் தருகிறார்கள், அல்லது ஹேக்சாவை. ஒரு நண்பர் சொல்லித் தெற்காவணி மூல வீதிப் பக்கம் நகை ஆசாரிகளுக்குச் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். அவர்கள் தங்கத்தையும் வெள்ளியையும் அறுக்கிற பிளேடும் கிட்டத்தட்ட இதே நீளம்தான், 130 மி.மீ. 'பின்' கிடையாது.

கடையில் வயதான ஆசாரி ஒருவர் தனக்கு வாங்க வந்திருந்தார். ஒரு டஜன் கட்டைப் பிரித்து ஒரே ஒரு பிளேடை உருவி, கட்டைவிரல் நகத்தின் மேல் மெதுவாக இழுத்துப் பார்த்தார். தலைமுடி கனம்தான் இருக்கும், எனக்குப் பல் இருப்பதே கண்ணுக்குத் தெரியவில்லை. திருப்பிப் போட்டு இன்னொருமுறை இழுத்து, "இது தலைகீழா இருக்கு" என்று கடைக்காரரிடம் சொல்லி நேராக வைத்தார். பார்க்கவே இல்லை, நகத்தில் உரசிய உணர்விலேயே பல் எந்தப் பக்கம் என்று தெரிகிறது. நான் வீட்டில் டார்ச் அடித்து, கண்ணாடி போட்டு, செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்து மாட்டுகிறவன்.

"ஐயா, எத்தனை நாள் வரும் ஒரு பிளேடு?" என்று கேட்டேன். "மெழுகு தடவி நேரா அறுத்தா உடையாது. உடையறது பிளேடு இல்ல, பொறுமை" என்றார். நீங்கள் எதற்கு வாங்குகிறீர்கள் என்று கேட்டார். மரம் அறுக்க, மிஷினில் மாட்ட என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். கடைக்காரரிடம் திரும்பி, "மிஷினுக்காம். சாருக்கு ரெண்டு டஜன் சேர்த்துப் போடுப்பா" என்றார்.

பீளமேடு பிளேடு:

நகை பிளேடில் தேக்கை அறுத்தால் பல் இடுக்கில் தூள் அடைத்து மரம் கருகும், அவ்வளவு நெருக்கமான பல். 3 மி.மீ. வரை மெல்லிய பலகைக்கும் பித்தளைத் தகட்டுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தடித்த மரத்துக்கு ஒன்றுவிட்டு ஒன்று பல் இருக்கிற பிளேடுதான் சரி. அப்போதும் பலகைமேல் பிரவுன் பேக்கிங் டேப்பை ஒட்டிவிட்டு அறுத்துப் பாருங்கள், கருகுவது பாதிக்குமேல் குறையும். ஆசாரி சொன்ன மெழுகைவிட இது நல்லது.

கீழவாசல்:

டேப் ஒட்டினேன், உண்மைதான், கருகவில்லை. ஆனால் மெழுகைப் பற்றி அவரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.