தூதரகத்தில் வேலை செய்கிற தம்பி: வெளிநாட்டுப் படிக்கு வரி உண்டா? சம்பளத்தில் ஏன் பிடித்தார்கள்?

தண்டையார்பேட்டை அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். என் தம்பி வெளியுறவு அமைச்சகத்தில் இருக்கிறான். போன வருஷம் ஜூன் மாதம் மஸ்கட்டில் நம் தூதரகத்துக்கு மாற்றலாகிப் போனான். இங்கே அவனுடைய பேங்க், எல்ஐசி, வரிக் கணக்கு எல்லாம் என் தலையில்தான். 2025-26க்கு ஃபார்ம் 16 (சம்பளமும் பிடித்த வரியும் காட்டி அலுவலகம் கொடுக்கிற சான்று) வந்ததிலிருந்து ஒரே குழப்பம். சம்பளம் 9,40,000 என்று காட்டி, புதிய வரித் திட்டத்தில் 27,560 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். அங்கே அவனுக்கு மாசா மாசம் வெளிநாட்டுப் படி தனியாக வருகிறது, வீடும் தூதரகமே கொடுத்திருக்கிறது. அது இரண்டும் ஃபார்மில் எங்கேயுமே இல்லை.

கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எங்கள் தெருவில் ஒருத்தர் அதே மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருக்கிறார், "கல்ஃப்ல சம்பாதிக்கிறதுக்கு இங்கே எதுக்குக்கா வரி, மொத்தத்தையும் ரீஃபண்டு கேளுங்க" என்கிறார். எம்.சி. ரோடு பக்கம் ஒரு ஆடிட்டரிடம் போனேன், அவர் நேர் எதிராக, புதிய திட்டத்தில் எந்தப் படிக்கும் விலக்கு கிடையாது, வெளிநாட்டுப் படியையும் சேர்த்துக் காட்டி மிச்ச வரியைக் கட்டுங்கள் என்கிறார். அப்படிச் சேர்த்தால் வருமானம் இரண்டு மடங்குக்கு மேலே போய்விடும். இதில் தம்பிக்கு இன்னொரு வயிற்றெரிச்சல்: இதே சம்பளத்தில் இங்கே வேலை பார்க்கிற அவன் பேட்ச் பையனுக்கு 12 லட்சம் வரை வரி இல்லை என்கிற கணக்கில் ஒரு பைசா பிடிக்கவில்லையாம். யார் சொல்வது சரி?

ராயபுரம் ரிட்டையர்டு:

மத்திய அரசு அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போட்டே முடி நரைத்தவன் நான், அதனால் நேராகவே சொல்கிறேன் அம்மா. இரண்டு பேர் சொல்வதும் தப்பு.

மெக்கானிக் தம்பி தன் விஷயத்தில் சரி. அவர் வெளிநாட்டுவாழ் இந்தியர், வேலை செய்வதும் அங்கே, சம்பளம் வாங்குவதும் அங்கே, கொடுப்பது தனியார். நம் வருமான வரிக்கு அந்தப் பணத்தின் மேல் பிடி கிடையாது. அரசு ஊழியருக்கு அது பொருந்தாது. 1961 வருமான வரிச் சட்டத்தின் 9-வது பிரிவில், இந்தியக் குடிமகனுக்கு வெளிநாட்டில் செய்யும் வேலைக்காக அரசாங்கம் கொடுக்கிற சம்பளம் இந்தியாவிலேயே சம்பாதித்ததாகக் கருதப்படும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அவன் மஸ்கட்டில் உட்கார்ந்திருந்தாலும் மாஸ்கோவில் உட்கார்ந்திருந்தாலும் சம்பளத்துக்கு இங்கே வரி உண்டு. அங்கே அவனிடம் வரி கேட்க மாட்டார்கள், தூதரக உறவுகள் பற்றிய 1961 வியன்னா ஒப்பந்தம் அதைத் தடுக்கிறது. ஓமனில் தனிநபர் வருமான வரி இப்போதைக்கு இல்லவும் இல்லை.

ஆனால் ஒரு கையால் எடுத்ததை இன்னொரு கையால் கொடுத்திருக்கிறார்கள். பிரிவு 10(7): அரசாங்கம் தன் ஊழியரான இந்தியக் குடிமகனுக்கு, வெளிநாட்டில் செய்யும் வேலைக்காக, வெளிநாட்டிலேயே கொடுக்கிற படிகளுக்கும் சலுகைகளுக்கும் முழு விலக்கு. உச்சவரம்பு கிடையாது. வெளிநாட்டுப் படி, வாடகையில்லாத வீடு எல்லாம் இதில் அடக்கம். அந்த ஊர் விலைவாசியைச் சமாளிக்கக் கொடுக்கிற பணத்தை லாபமாகப் பார்ப்பதே நியாயமில்லை என்பது என் கருத்து.

புதிய திட்டத்தில் எதெது போகும் என்று 115பிஏசி-யில் பட்டியல் இருக்கிறது. விடுமுறைப் பயணச் சலுகை போச்சு, வீட்டு வாடகைப் படி போச்சு, 10(14)-ல் வருகிற தனிப் படிகளில் பெரும்பாலானவை போச்சு. 10(7) அந்தப் பட்டியலில் இல்லை. ஆடிட்டர் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டார். அவர் பேச்சைக் கேட்டு வெளிநாட்டுப் படியைச் சேர்த்துவிடாதீர்கள்.

பழைய வண்ணை கணக்கன்:

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி, ஆனால் 27,560 எப்படி வந்தது என்பதை விட்டுவிட்டார். அக்காவின் உண்மையான கேள்வியே அதுதான் என்று நினைக்கிறேன்.

9,40,000-ல் சம்பளக்காரர்களுக்குக் கிடைக்கிற நிலைக் கழிவு (ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன்) 75,000 போனால் 8,65,000. முதல் 4 லட்சத்துக்கு ஒன்றுமில்லை, அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம் 20,000, மிச்சம் 65,000-க்கு 10 சதவீதம் 6,500. ஆக 26,500, அதன் மேல் 4 சதவீத செஸ் 1,060. கூட்டினால் 27,560, பைசா சுத்தமாக வருகிறது. அலுவலகம் தப்பே பண்ணவில்லை.

அப்புறம் பேட்ச் பையனுக்கு ஏன் பூஜ்யம்? 12 லட்சம் வரை வரியே இல்லை என்று ஊரெல்லாம் பேசுகிறார்களே, அது விலக்கு வரம்பு இல்லை, 87ஏ பிரிவில் வருகிற தள்ளுபடி. அது இந்தியாவில் வசிப்பவர் என்ற தகுதி உள்ளவருக்கு மட்டும்தான். தம்பி ஜூனிலேயே வேலைக்காகக் கிளம்பிவிட்டதால் அந்த நிதியாண்டில் 182 நாள் இங்கே இருந்திருக்க வழியில்லை, வெளிநாட்டுவாழ் இந்தியர் ஆகிவிட்டான், தள்ளுபடி போய்விட்டது. அக்டோபரில் ஏறியிருந்தால் அந்த ஒரு வருஷம் இங்கே வசிப்பவராகவே இருந்து, அவனும் ஒன்றும் கட்டியிருக்க வேண்டாம். சம்பளத்துக்கு மட்டும் இந்தியாவில் சம்பாதித்தவன், தள்ளுபடிக்கு மட்டும் வெளிநாட்டுக்காரன்! கடுப்பாகத்தான் இருக்கும், ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

பழைய திட்டத்துக்குத் தாவலாமா என்று யோசிக்காதீர்கள். எல்ஐசி மாதிரி சேமிப்புக்கான 80சி கழிவில் முழு ஒன்றரை லட்சம் காட்டினாலும் வரி 62,920 வரும்.

காசிமேட்டுப் பையன்:

குறுக்கே ஒரு சந்தேகம். என் சித்தப்பா ஒரு பொதுத்துறை வங்கியில் இருந்துகொண்டு சிங்கப்பூர் கிளைக்குப் போனார். அவருக்கும் இந்த 10(7) உண்டுதானே, அதுவும் அரசாங்கம்தானே?

ராயபுரம் ரிட்டையர்டு:

இல்லை தம்பி. பங்கு முழுக்க அரசாங்கத்துடையதாக இருந்தாலும் வங்கியும் கம்பெனியும் சட்டப்படி தனி ஆள், அரசாங்கம் ஆகாது. 10(7) அவருக்குக் கிடையாது. ஆனால் அழ வேண்டாம், மேலே சொன்ன 9-வது பிரிவின் அந்த விதியும் அவரைப் பிடிக்காது. வெளிநாட்டுவாழ் இந்தியராக இருந்து, அங்கே செய்த வேலைக்கு அங்கேயே சம்பளம் வாங்கினால் அவர் கதை மெக்கானிக் தம்பி கதைதான். ஒரு வித்தியாசம், சிங்கப்பூர் அவரிடம் வரி வசூலித்துவிடும்.

தண்டையார்பேட்டை அக்கா:

இப்போதுதான் மூச்சு வருகிறது. ரொம்ப நன்றி அண்ணா, கணக்கு போட்டுக் கொடுத்த தம்பிக்கும். கடைசியாக இரண்டு கேள்வி. வரிக் கணக்கை வழக்கமாகப் போடுகிற ஐடிஆர்-1 படிவத்திலேயே போடலாமா? மஸ்கட் பேங்க் கணக்கில் பணம் சேர்கிறதே, அதைக் காட்ட வேண்டுமா?

பழைய வண்ணை கணக்கன்:

ஐடிஆர்-1 கூடாது அக்கா, அது இங்கே வசிப்பவர்களுக்கு மட்டும். ஐடிஆர்-2 எடுங்கள், வசிப்பு நிலை என்ற இடத்தில் வெளிநாட்டுவாழ் என்று மறக்காமல் மாற்றுங்கள். போன வருஷத்து விவரம் தானாக வந்து உட்கார்ந்திருக்கும், அதை அப்படியே விட்டால் தள்ளுபடியும் தானாக விழுந்து ரீஃபண்டு காட்டும், பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். கடைசி நாள் ஜூலை 31.

வெளிநாட்டுப் படிக்கு அந்தப் படிவத்தில் விலக்குப் படிகள் என்ற பகுதியில் 10(7) என்றே ஒரு வரி இருக்கிறது. ஃபார்ம் 16-ல் அலுவலகம் அந்தப் படியை மொத்தச் சம்பளத்தில் சேர்த்து, பிறகு கழித்துக் காட்டியிருந்தால் நீங்களும் அப்படியே காட்ட வேண்டும். உங்கள் ஃபார்மில் அது வரவே இல்லை, அதனால் நானாக இருந்தால் ஃபார்ம் 16-ஐ ஒட்டியே போட்டுவிட்டு, மாதாந்திரச் சம்பளச் சீட்டையும், படி எவ்வளவு, எந்த நாட்டில் எந்த நாணயத்தில் கொடுக்கப்பட்டது என்று தூதரகத்திலிருந்து ஒரு கடிதத்தையும் வாங்கி ஃபைலில் வைத்துவிடுவேன். நீங்களாகக் கூட்டிக் கழித்தால் ஃபார்ம் 16-ஓடு ஒத்துப்போகவில்லை என்று, கணக்குகளைச் சரிபார்க்கிற பெங்களூர் வருமான வரி மையத்திலிருந்து நோட்டீஸ் வரலாம்.

மஸ்கட் கணக்கை இப்போது காட்ட வேண்டாம், வெளிநாட்டுச் சொத்துப் பட்டியல் வெளிநாட்டுவாழ் இந்தியருக்குக் கிடையாது. மாற்றல் முடிந்து திரும்பி, மறுபடி இங்கே வசிப்பவராக ஆகிற வருஷம்தான் கவனம். மூன்று நான்கு வருஷத்தில் திரும்புகிறவர் பெரும்பாலும் நேராக 'சாதாரணமாக வசிப்பவர்' (வெளிநாட்டுச் சொத்தையும் காட்ட வேண்டிய வசிப்பு நிலை) ஆகிவிடுவார், அப்போது அங்கே கணக்கு இருந்தால் கண்டிப்பாகக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் 2015 கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் அபராதம் உண்டு. வீடு, நிலம் தவிர்த்த சொத்து மொத்தம் 20 லட்சத்துக்குள் என்றால் 2024 அக்டோபரிலிருந்து அந்த அபராதம் இல்லை, இருந்தாலும் காட்டிவிடுவதே நல்லது.

இன்னொன்று, அடுத்த வருஷக் கணக்கிலிருந்து 1961 சட்டத்துக்குப் பதில் 2025 புதிய வருமான வரிச் சட்டம். பிரிவு 10-ல் இருந்த விலக்குகள் அதில் அட்டவணைகளுக்குப் போய்விட்டதால் எண் மாறி வரும். அந்த எம்.சி. ரோடு ஆடிட்டர் அப்போது 10(7) என்று ஒன்று இல்லவே இல்லை என்பார், அவரிடம் போகாதீர்கள்.