மினி சுமோ களம்: நடுக் களத்திலேயே ரோபோ பின்வாங்குகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி: பொள்ளாச்சி இயற்பியல் வாத்தியார்

வணக்கங்க. பொள்ளாச்சிப் பக்கம் பள்ளியொன்றில் இயற்பியல் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் சேர்ந்து மூன்று மினி சுமோ ரோபோ செய்திருக்கிறார்கள். வட்டக் களத்தில் ஒன்றையொன்று வெளியே தள்ளுகிற குட்டி ரோபோக்கள் இவை; ஓரத்து வெள்ளையைக் கண்டால் விழாமல் பின்வாங்க வேண்டும். 10 செ.மீ.க்கு 10 செ.மீ., எடை 500 கிராமுக்குள். ரோபோ தயார், மோத விடத்தான் நல்ல களம் இல்லை.

வீட்டில் கிடந்த 12 மி.மீ. பிளைவுட்டில் 77 செ.மீ. வட்டம் வெட்டினேன். மிச்சமிருந்த கறுப்பு எனாமல் பெயிண்டை அடித்து, ஓரத்தில் 2.5 செ.மீ. அகலத்துக்கு வெள்ளை டேப் ஒட்டினேன். வளைவில் டேப் சுருங்கி எழும்பி நிற்கிறது. ரோபோவின் முன்தகடு அதைச் சுரண்டியே எடுத்துவிடுகிறது. அதைக்கூடச் சமாளிக்கலாம். பெரிய தொல்லை என்னவென்றால், இரண்டு ரோபோக்கள் நடுக் களத்திலேயே வெள்ளையைப் பார்த்த மாதிரி பின்வாங்குகின்றன.

அடியில் தரை கறுப்பா வெள்ளையா என்று பார்க்கிற டிசிஆர்டி 5000 சென்சார், அர்டுயினோ என்கிற குட்டிக் கணினிப் பலகையில் இணைத்திருக்கிறோம். வெள்ளை மேல் 60 காட்டுகிறது, கறுப்பு மேல் 200தான். காலை வெயிலில் வராந்தாவில் வைத்தால் இரண்டுக்கும் ஒரே எண். நிரலில்தான் தப்பு என்று பிள்ளைகள் மூன்று நாளாக அதையே திருத்திக்கொண்டிருக்கிறார்கள். பார்க்கவே பாவமாக இருக்கிறது. நான் படித்துப் பார்த்துவிட்டேன், நிரல் சரிதான்.

இன்னொன்று. களத்தைப் பஸ்ஸில் கொண்டுபோக வேண்டும். இரண்டு பாதியாக அறுத்துக் கீல் போடலாமா?

பதில்: கோவை எலக்ட்ரானிக்ஸ் லேப்காரன்

சார், பிள்ளைகளை நிரலை விட்டுவிடச் சொல்லுங்க. தப்பு பெயிண்டில் இருக்கு.

உங்க இணைப்பில் நல்ல கறுப்புக்கு எண் 1023-ஐ, அதாவது அர்டுயினோ காட்டும் உச்ச எண்ணை, நோக்கி ஏறணும். 200 என்றால் சென்சாருக்கு அது கறுப்பே இல்லை. அது பார்ப்பது 950 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி, நம் கண்ணுக்கு எட்டாதது. நமக்குக் கன்னங்கரேலென்று தெரிகிற சில சாயங்கள் அந்த ஒளியைத் தாராளமாகத் திருப்பி அனுப்பும். கறுப்புத் துணி, மார்க்கர், சார்ட் பேப்பர் எதையும் கண்ணால் பார்த்து நம்பாதீங்க. கரி சேர்ந்த கறுப்பு அகச்சிவப்பையும் விழுங்கிவிடும்.

அடுத்தது பளபளப்பு. சென்சாரில் விளக்கும் கண்ணும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கு. எனாமல் கண்ணாடி மாதிரி வெளிச்சத்தை நேரே கண்ணுக்குள் திருப்பிவிடும். மங்கலாகக் காய்கிற கரும்பலகைப் பெயிண்ட் வாங்குங்க. வாங்கியதும் களத்தில் அடிக்காதீங்க. உள்ளங்கை அகலப் பலகைத் துண்டுகளில் இரண்டு மூன்று பெயிண்டை அடித்துக் காயவிட்டு, ஒவ்வொன்றின் மேலும் சென்சாரை வைத்து எண்ணை எழுதச் சொல்லுங்க. பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல செய்முறை கிடைக்காது.

சென்சார் தரையிலிருந்து எத்தனை மி.மீ. உயரம்? 2.5 மி.மீ. பக்கத்தில்தான் அது நன்றாக வேலை செய்யும். 10 மி.மீ.க்கு மேலே தூக்கி வைத்திருந்தால் என்ன பெயிண்ட் அடித்தும் வித்தியாசம் சரியாகக் கிடைக்காது.

வெயிலிலும் அகச்சிவப்பு இருக்கு. சென்சாரின் கண் அதிலேயே நிறைந்துவிட்டால் கறுப்பும் ஒன்று, வெள்ளையும் ஒன்று. நிரலில் கழித்துச் சரிசெய்யவும் அங்கே மிச்சம் ஏதும் இருக்காது. வகுப்பறைக்குள் ஜன்னலை மூடி விளையாடுங்க. களத்தைச் சுற்றி 50 செ.மீ. காலியாக விடுங்க. வேடிக்கை பார்க்கிறவங்க காலை எதிரி என்று நினைத்து ரோபோ பாய்ந்து வெளியே விழுந்துவிடும், எங்க லேபில் இது நடந்திருக்கு.

நடுவில் 10 செ.மீ. இடைவெளியில் தொடக்கக் கோடு இரண்டு வரைவீங்க இல்லையா? சாக்பீஸ் வேண்டாம், அதை ஓரம் என்று எடுத்துக்கொள்ளும். கரும்பழுப்பில் வரைந்து அதன் எண்ணையும் பாருங்க.

பதில்: காரைக்குடி மரவேலை

வாத்தியாரே, பெயிண்டைத் தம்பி சொல்லிவிட்டார். நான் பலகையைச் சொல்கிறேன்.

பாதியாக அறுக்கவே கூடாது. எவ்வளவு நெருக்கிக் கீல் போட்டாலும் மழைக்கு ஒரு பக்கம், வெயிலுக்கு ஒரு பக்கம் எழும்பும். முன்தகடு தரையை உரசிப் போகிற வண்டி அந்த இணைப்பில் முட்டி நின்றுவிடும். ஜெயிக்க வேண்டிய பிள்ளை தோற்கும். 77 செ.மீ. பலகை பஸ்ஸில் சீட்டுக்குப் பின்னால் நிற்கும். அடிப்பலகையில் கை நுழைகிற மாதிரி ஒரு பள்ளம் எடுத்துவிடுங்கள், தூக்கப் பிடி ஆகிவிடும்.

உயரம் 2.5 செ.மீ. வேண்டும். 12 மி.மீ. போதாது, ஒரு சக்கரம் கீழே இறங்கினாலும் வண்டி ஏறி வந்துவிடும், விழுந்ததா இல்லையா என்று சண்டை வரும். 19 மி.மீ. பிளைவுட் மேலே, 6 மி.மீ. கீழே வைத்து ஃபெவிகால் தடவிப் பாரம் ஏற்றுங்கள். இரண்டு முகத்துக்கும் ஓரத்துக்கும் பெயிண்ட் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் ஈரம் மறுபக்கம் ஏறிப் பலகை வளையும்.

வட்டத்துக்கு நூல் கட்டாதீர்கள், நூல் இழுபடும். ஒரு ரீப்பரில் (மெல்லிய மரச்சட்டம்) ஆணி அடித்து 38.5 செ.மீ. தள்ளிப் பென்சிலுக்கு ஓட்டை போடுங்கள். அதே ரீப்பரில் 36 செ.மீ.யில் இன்னொரு ஓட்டை, அது பிளேடுக்கு.

முதலில் பலகை முழுக்க வெள்ளை அடியுங்கள். நன்றாகக் காய்ந்ததும் ஓரத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, ரீப்பரைச் சுற்றிப் பிளேடால் டேப்பை மட்டும் கீறி, உள்பக்கத்தை உரித்துவிடுங்கள். இப்போது டேப் விளிம்பில் இன்னொரு கை வெள்ளை. கசிந்தால் வெள்ளையே கசிந்து இடுக்கை அடைத்துவிடும். அப்புறம் கறுப்பு. முழுக்கக் காய்வதற்கு முன்பே டேப்பை உரித்தால் விளிம்பு கத்தி மாதிரி நிற்கும்.

8-க்கு 4 அடி ஷீட் வாங்கினால் நீளவாக்கில் மூன்று களம் வரும். மிச்சம் 45 செ.மீ. பட்டை. இன்னும் சின்ன ரோபோக்களுக்கான 38.5 செ.மீ. குறுக்களவு மைக்ரோ சுமோ களம் அதில் ஆறு வெட்டலாம். ஒரு துண்டையும் தூக்கிப் போடாதீர்கள்.

கேட்டவர்: பத்து நாள் கழித்து

இருவருக்கும் மனமார்ந்த நன்றிங்க. நான்கு கறுப்பைச் சோதித்தோம். என் பழைய எனாமல் 210. சார்ட் பேப்பர் 130, பிள்ளைகள் நம்பவே இல்லை, மூன்று முறை அளந்தார்கள். கரும்பலகைப் பெயிண்ட் 780. சென்சார் 8 மி.மீ. உயரத்தில் இருந்தது, 3-க்கு இறக்கியதும் 860, வெள்ளைக்கு 45. நிரலில் எல்லையை 450 என்று வைத்தோம். அதன்பின் எந்த ரோபோவும் நடுவில் நின்று திரும்பவில்லை.

விளிம்பு பற்றி ஐயா சொன்னதை அப்படியே செய்தோம். வெள்ளை மேல் வெள்ளை எதற்கு என்று கேட்ட பெண்ணே டேப்பை உரித்தாள். கோடு துல்லியமாக வந்ததைப் பார்த்து நெடுநேரம் விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

மீதிப் பட்டை என் வீட்டுத் திண்ணையில் சாய்ந்து நிற்கிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் தினமும் வந்து, எப்போது சார் அறுப்பீங்க என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜிக்சா ரம்பம் இரவல் வாங்கியிருக்கிறேன்.